உறை ஊற்றிய எண்ணெய்

முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் பதினாறு வருஷமாகப் புதினா விற்றுவந்த ராஜாங்கத்துக்கு, தான் விற்பது புதினாவே இல்லை என்ற விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதிவுத் தபால் மூலம்தான் தெரியவந்தது.

அனுப்பியிருந்தது நறுமணத் தாவர ஆய்வு மற்றும் தரச்சான்று மையம். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கடந்து போய்விடும் என்பதால் ஊரில் எல்லாரும் அதை ‘சென்ட்டு ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் பங்களா ஒன்றில் அது நடக்கிறது. நடக்கிறது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. திங்கட்கிழமைதோறும் அங்கே ஐந்து கிலோ புதினா கொண்டுபோய்ப் போடுவது ராஜாங்கம்தான். அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. ஐந்து கிலோவை அரைத்தால் ஒரு கல்யாணப் பந்திக்கே சட்னி வருமே என்று வியந்ததோடு சரி.

கடிதம் இப்படி இருந்தது: ‘தாங்கள் 11ஆம் தேதி வழங்கிய இலைகளிலிருந்து வடிக்கப்பட்ட எண்ணெயில் கார்வோன் 62 விழுக்காடும் லிமோனீன் 17 விழுக்காடும் காணப்பட்டன. புதினாவின் இன்றியமையாத கூறாகிய மெந்தால் அறவே காணப்படவில்லை. ஆகவே மேற்படி இலை புதினா அன்று எனக் கருத இடமுள்ளது. மெந்தால் இன்மைக்கான காரணத்தைத் தாங்கள் ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டியது.’

ராஜாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பஞ்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், மெமோ என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை. லேட்டாக வந்ததற்கு மெமோ வாங்கியிருக்கிறார், நூல் அறுந்ததற்கு வாங்கியிருக்கிறார். இலைக்குள் ஒன்று இல்லாமல் போனதற்கு வாங்குவது இதுதான் முதல் தடவை. அந்தக் காகிதத்தில் அவருக்குத் தெரிந்த பொருள் மெந்தால் ஒன்றுதான். தலைவலித் தைலத்தில் இருப்பது, கடையில் புதினா உப்பு என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்களே, அது.

“என் புதினாவுல தைலம் இல்லியாம்மா” என்றார், பக்கத்தில் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வீராயியிடம்.

“அது நல்லதுதானண்ணே?” என்றாள் வீராயி.

நல்லதாக முடியவில்லை. கடிதத்தின் அடியில் ‘நகல்’ என்று போட்டு மூன்று பேரை வரிசையாக எழுதியிருந்தார்கள். அதில் மார்க்கெட் மேற்பார்வையாளர் இரண்டாமவர். பத்து மணிக்கே வந்து நின்றார்.

“கொத்தமல்லி வித்துக்க, கருவேப்பில வித்துக்க. புதினா மட்டும் கூடாது. ஆர்டர் வந்துருக்கு.”

“புதினான்னு சொல்லாம வித்தா?”

“அப்ப என்னான்னு சொல்லி விப்ப?”

இருவரும் சிறிது நேரம் யோசித்தார்கள். அந்த இலைக்கு வேறு பெயர் எதுவும் இருவருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் மூலக்குளம் பிரியாணிக் கடை பாய் போன் செய்தார். ராஜாங்கத்தின் புதினாவில் பாதிக்கு மேல் அவர் கடைக்குத்தான் போகும். “அண்ணே, அது புதினான்னு எனக்குத் தெரியும், என் தேக்ஸாவுக்குத் தெரியும். ஆனா உணவுப் பாதுகாப்புக்காரங்க வந்து கேட்டுட்டுப் போறாங்க. புதினா புதினாதான்னு ஒரு காகிதம் வாங்கிட்டு வந்துடுங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல வேற ஆளதாண்ணே பாக்கணும்.”

ராஜாங்கத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு காகிதம்தான். மறுநாள் காலையில் அரியாங்குப்பத்துக்குப் போய், மச்சான் கொல்லையின் மூலையில் தான் போட்டிருந்த பாத்தியிலிருந்து இரண்டு கட்டு கிள்ளினார். அதைச் சாட்சியாக டிவிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு சென்ட்டு ஆபீஸுக்குப் போனார்.

வாசலிலேயே காவலாளி மறித்தார். “இது என்னா?”

“புதினா.”

“அதான் இன்னும் முடிவாகலியே.” காவலாளி ஒரு ரசீது கிழித்தார். ‘அடையாளம் நிரூபிக்கப்படாத தாவரம், கட்டு இரண்டு, பறிமுதல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதினாவை ஒரு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலமாரியைத் திறந்தபோது உள்ளேயிருந்து அழுகல் வாடை வந்தது. முன்பு யார் யாரோ கொண்டுவந்த வெட்டிவேரும் துளசியும் அங்கே கிடந்து கூழாகியிருந்தன.

உள்ளே நுழைந்தால் கூடத்தில் பளிங்குக் கல். அதில் தங்க எழுத்தில், ‘புதுவைப் புதினாவில் மெந்தால் 71.4 விழுக்காடு.’ அதற்குக் கீழே, அதைக் கண்டுபிடித்த முனைவர் லூயிஸின் பெயரும், இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியும். அன்று ஆராய்ச்சி மாணவராக இருந்த லூயிஸ்தான் இன்று மையத்தின் இயக்குநர். நடுவில் வேறு எதையும் அவர் கண்டுபிடித்ததாகக் கல் எதுவும் இல்லை.

பத்து மணிக்கு மணி அடித்தது. எங்கெங்கோ இருந்த ஊழியர்கள் கூடத்துக்கு வந்து கல்லின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒருவர் வெள்ளித் தட்டில் பஞ்சு உருண்டைகளைக் கொண்டுவந்தார். ஆளுக்கொன்றாக எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் இழுத்தார்கள். ‘மணவணக்கம்’ என்று அதற்குப் பெயராம். ராஜாங்கத்தின் கையிலும் ஒரு பஞ்சைத் திணித்தார்கள். மோந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுத்தமான தைலம். இலையின் வாசனை மருந்துக்கும் இல்லை. இருபத்தேழு வருஷமாகத் தினமும் இதை இழுக்கிறவர்களுக்கு மூக்கு என்று ஒன்று முகத்தில் மிச்சமிருக்குமே தவிர, உபயோகத்தில் இருக்காது என்று அவருக்குப் பட்டது.

இயக்குநர் அறையில் லூயிஸ் மெதுவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேஜை ஓரத்தில் ஒல்லியான ஒரு பெண், கையில் ஃபைலோடு, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தாள். ஆராய்ச்சி மாணவி லினெட். 11ஆம் தேதி எண்ணெய் வடித்துக் கணக்கிட்டவள் அவள்தான்.

“பொன்ழூர், மிசியே ராஜாங்கம்! உக்காருங்க” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி வரவேற்றார் லூயிஸ். வடையைச் சட்னிக் கிண்ணத்தில் முக்கி எடுத்தார். பச்சைச் சட்னி அவர் மீசையில் ஒட்டி, அங்கிருந்து ராஜாங்கத்தின் ஃபைல் மேல் சொட்டியது. அதை அவர் ஆட்காட்டி விரலால் வழித்து நக்கிக்கொண்டார். “இருவத்தேழு வருஷமா இந்த ஊர் புதினாவுல மெந்தால் இருக்கு. போன மாசம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப திடீர்னு காணோம். யாரு பொறுப்பு? மிஷின் ஜெர்மனியிலேர்ந்து வந்தது, அது தப்பு பண்ணாது. என் கட்டுர உலகம் பூரா போயிருக்கு, அதுவும் தப்பா இருக்க முடியாது. மிச்சம் இருக்குறது உங்க இலதான்.”

“சார், நீங்க இப்ப தொட்டுக்கிறீங்களே, அந்தச் சட்னி...”

“நம்ம கேண்டீன் சட்னி. பிரமாதமா இருக்கு. சாப்புடுறீங்களா?”

“அது என் புதினாதான் சார். மிஞ்சுன இலய கேண்டீனுக்குத் தள்ளிவிடுறாங்க. கேண்டீன்காரரே சொன்னாரு.”

லூயிஸ் மென்றதை விழுங்கினார். “சட்னிக்கு அது புதினாவா இருக்கலாம், மிசியே. விஞ்ஞானத்துக்கு இல்ல. ரெண்டும் வேற வேற துற.” பிறகு, படித்தவர் படிக்காதவர் மேல் காட்டும் பெரிய பொறுமையோடு, ராஜாங்கத்துக்கு அனுப்பிய கடிதத்தின் அலுவலக நகலை எடுத்து அதில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ராஜாங்கம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அந்த மனிதர் சாப்பிட்ட விதத்துக்காக மட்டும் இல்லை.

வராந்தாவில் லினெட் பின்னாலேயே ஓடிவந்தாள். “அண்ணே, என்னாலதான் உங்களுக்கு இந்த அலைச்சல். மன்னிச்சிடுங்க.”

“நீ என்னாம்மா பண்ண?”

“ஒண்ணும் பண்ணல. அதான் தப்பாயிடுச்சு.” அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “புதினாவுல பல ஜாதி இருக்குண்ணே. வடக்க ஒரு ஜாதி பயிர் பண்றாங்க, அதுலதான் மெந்தால். நம்ம சட்னிக்கும் பிரியாணிக்கும் போடுறது வேற ஜாதி, அதுல கார்வோன். நீங்க கட்டப் பிரிச்சதும் வருமே ஒரு வாசன, அதுதான் கார்வோன். உங்க இலையில அறுவத்தி ரெண்டு பர்சென்ட் இருக்கு. நான் பாத்ததுலயே அருமையான புதினா அது.”

“அப்புறம் அந்தக் கல்லுல?”

“அது உறையால வந்த கணக்கு.”

உறை என்றால் என்ன என்று அவள் சொன்னபோது ராஜாங்கம் முதலில் நம்பவில்லை. மையத்தின் செய்முறைப் புத்தகத்தில் நான்காவது படி அது. குடுவையில் இலையும் தண்ணீரும் போட்டபிறகு, அடுப்பை மூட்டுவதற்கு முன், ‘தாய் எண்ணெய்’ மூன்று கரண்டி ஊற்ற வேண்டும். பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆவதுபோல, இலைக்குள் இருக்கும் மெந்தாலை அது கூப்பிட்டு வெளியே கொண்டுவரும் என்பது லூயிஸின் கொள்கை. இளவயதில் மூன்று மாதம் வடித்தும் மெந்தால் வராமல் தவித்துப்போனவருக்கு, வீட்டில் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது தோன்றியதாம். தாய் எண்ணெய் குறைந்தால் ஸ்டோர்காரர் புதினா உப்பு வாங்கிவந்து கரைத்து நிரப்பிவிடுவார். போட்ட மெந்தால் ஆவியோடு ஏறி மறுபடி எண்ணெயில் வந்து நிற்கும். அதை அளந்து கல்லில் செதுக்கிவிட்டார்கள்.

“நான் உற ஊத்தலண்ணே. எதுக்கு ஊத்தணும்னு புரியல, வுட்டுட்டேன்.”

“இருவத்தேழு வருஷமா ஒருத்தரும் இதக் கேக்கலியாம்மா?”

“கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல.”

வியாழக்கிழமை விசாரணைக் குழு கூடியது. தலைவர் முனைவர் நிர்மலாதேவி, முதுநிலை விஞ்ஞானி. கூடவே நான்கு உறுப்பினர்கள். ராஜாங்கத்தை மேஜையின் கடைசியில் உட்காரவைத்தார்கள்.

“உங்க செடி எங்கேருந்து வந்துது?” என்றார் நிர்மலாதேவி.

“மில்லு குவார்ட்டர்ஸ்ல அடிபம்பு பக்கத்துல மொளச்சிக் கெடந்துதும்மா. அதுலேர்ந்து குச்சி கிள்ளி நட்டேன்.”

“கிள்ளுனதுக்குச் சாட்சி?”

“அடிபம்புல தண்ணி அடிச்சவங்க பாத்துருப்பாங்க.”

“அவங்க தாவரவியல் படிச்சவங்களா?”

“இல்லம்மா. தண்ணி அடிக்க வந்தவங்க.”

‘தாய்ச் செடியின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை’ என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்தது நுகர்வுச் சோதனை. லினெட் வடித்த எண்ணெய் இருந்த சிறு சீசா மேஜையைச் சுற்றிவந்தது. முதல் உறுப்பினர் மூக்கருகே பிடித்துப் புருவத்தை நெரித்து, “மெந்தால் மணம் இல்லை” என்றார். இரண்டாமவர் ஆழ்ந்து மோந்து, “முதல் உறுப்பினரின் மணத்தை வழிமொழிகிறேன்” என்றார். மூன்றாமவர், “இது மண்வாசனை, மலிவானது” என்றார். நான்காமவர் மோந்ததும் தும்மிவிட்டு, அதையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சீசா ராஜாங்கத்தின் பக்கம் வந்தபோது அவர் உற்றுப் பார்த்தார். மூடி அரக்கு வைத்து அடைத்தபடியே இருந்தது.

“அம்மா, இத இன்னும் தொறக்கவே இல்லியே.”

நிர்மலாதேவியின் முகம் மாறவில்லை. “முத்திரைய ஒடச்சா சாம்பிள் செல்லாது. பதினெட்டு வருஷமா நாங்க இப்படித்தான் பண்றோம், பெரியவரே.”

குழு இரண்டு முடிவு எடுத்தது. ஒன்று, மறு உத்தரவு வரும்வரை ராஜாங்கம் தன் சரக்கைப் ‘புதினா போன்ற தோற்றமுடைய பச்சை இலை’ என்று அட்டை எழுதி வைத்து விற்றுக்கொள்ளலாம். இரண்டு, வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னிலையில், புத்தகத்தில் உள்ளபடி, உறையோடு ஒரு சாட்சி வடிப்பு நடத்தப்படும். புதிய இலையோடு அவர் வரவேண்டும்.

அந்த அட்டையை ராஜாங்கம் எழுதவில்லை. வியாழன் சாயங்காலம் விற்காத புதினா சாக்கிலேயே வெந்து கறுத்துப்போயிருந்தது. கையை விட்டு அள்ளினால் கொழகொழவென்று வந்தது. குப்பைத் தொட்டிக்கு இரண்டு நடை நடந்தார். பதினாறு வருஷத்தில் அவர் புதினாவைக் குப்பையில் போட்டதில்லை. கையைக் கழுவியும் அந்த வாடை போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு கட்டு புதுப் புதினா எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது வீராயி ஒரு கொத்து முருங்கைக்கீரையை அவர் பையில் போட்டாள். “வூட்டுக்கு எடுத்துப் போண்ணே. அக்கா நேத்தே கேட்டுச்சு.”

வாசலில் அதே காவலாளி, அதே ரசீதுப் புத்தகம்.

“யோவ், அவங்கதான்யா எடுத்தாரச் சொன்னாங்க!”

“எடுத்தாரச் சொல்றது உள்ள இருக்குறவங்க வேல. உள்ள வுடாம இருக்குறது என் வேல.” நான்கு கட்டும் அலமாரிக்குள் போயின. முருங்கைக்கீரையைக் காவலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, “இது கீர, போ” என்று பையிலேயே போட்டார். அந்தக் கட்டடத்தில் இலையைப் பார்த்து அடையாளம் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் குத்துவிளக்கு எரிந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். கண்ணாடிக் குடுவைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

“எல எங்க?” என்றார் நிர்மலாதேவி.

“கேட்டுல புடிச்சு வச்சுக்கிட்டாங்கம்மா.”

“பையில பச்சையா தெரியுதே?”

“அது வந்தும்மா...” என்று ராஜாங்கம் கொத்தை வெளியே எடுத்தார். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் நிர்மலாதேவி அதை வாங்கித் தராசில் வைத்துவிட்டார். “மாதிரி எண் ரெண்டு. எழுதிக்குங்க.”

ஓர் உறுப்பினர் குனிந்து பார்த்தார். “எல கொஞ்சம் சிறுத்திருக்கே?”

“வெயில் காலம்” என்றார் இன்னொருவர்.

ராஜாங்கம் காத்திருந்தார். இதோ யாராவது சிரிப்பார்கள், இதோ யாராவது ‘என்னய்யா இது’ என்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த அறையில் ஆறு முனைவர்கள். எல்லாருமே வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடுகிறவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. லினெட் மட்டும் தராசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. ராஜாங்கத்துக்கு அதற்குமேல் சொல்ல மனசு வரவில்லை. குறும்பு இல்லை அது. சாக்கடையில் ஒருவன் சந்தோஷமாகக் குளித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டுச் சொல்லக் கூசுமே, அந்த அருவருப்பு.

லூயிஸ் வெள்ளிக் கரண்டியால் தாய் எண்ணெயை மூன்று முறை ஊற்றினார். ஒவ்வொரு கரண்டிக்கும் உறுப்பினர்கள் தலை குனிந்தார்கள். மூன்று மணி நேரம் கொதித்தது. அறை முழுக்கத் தைல நெடி ஏறி எல்லார் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அதை அவர்கள் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். எண்ணெயை மெஷினில் ஏற்றி, வந்த கோட்டுப் படத்தை லினெட் படித்தாள்.

“மெந்தால் தொண்ணூத்தி மூணு புள்ளி எட்டு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மையத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வந்ததில்லை. வராமல் என்ன? குறுக்கே நிற்கப் புதினா இல்லையே.

லூயிஸ் எழுந்து பேசினார். “நண்பர்களே, இன்னிக்கு உண்ம ஜெயிச்சிருக்கு. சில இளைஞர்கள் இருக்காங்க. இலையில என்னா இருக்குன்னு இலையப் பாத்துக் கத்துக்க முடியும்னு நெனக்கிறாங்க. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். இல வரும், போகும், வாடும், அழுகும். முறதான் நெலைக்கும். நாம எதத் தேடுறோமோ அத முன்கூட்டியே கொஞ்சம் போட்டு வச்சாதான் அது கெடைக்கும். நான் இந்த நாக்காலிக்கு வந்ததே அப்படித்தான்.”

கடைசி வாக்கியத்துக்கும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை காலை சான்றிதழ் வாங்க ராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் மேஜையில் அது தயாராக இருந்தது. தங்க ஓரம், சிவப்பு முத்திரை. ‘திரு. ராஜாங்கம் வழங்கிய இலை உயர்தரப் புதினா எனச் சான்றளிக்கப்படுகிறது.’ பாயிடம் காட்ட வேண்டிய காகிதம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

“ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு எடுத்துக்கங்க” என்று லூயிஸ் இன்னொரு படிவத்தைத் தள்ளினார்.

மில் மூடியபோது, ‘கையெழுத்துதானே, போடுப்பா’ என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ராஜாங்கம் படிக்காமல் போட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று பிற்பாடு வக்கீல் படித்துச் சொன்னார். அதிலிருந்து சோப்புத் தாளைக்கூடப் படிக்காமல் தூக்கிப்போடாத பழக்கம் வந்துவிட்டது. இப்போதும் கண்ணாடியை மாட்டிப் படித்தார். ‘11ஆம் தேதி மாணவி லினெட்டிடம் நான் வழங்கியது புதினா அன்று, வேறு ஏதோ இலை என இதனால் ஒப்புக்கொள்கிறேன்.’

“இதப் போட்டா அந்தப் பொண்ணுக்கு என்னா ஆவும் சார்?”

“நாலு வருஷ ஆராய்ச்சி செல்லாது. ஆனா இளம் வயசு. மறுபடி ஆரம்பிக்கலாம், உறையோட.”

லினெட் கதவருகே நின்றிருந்தாள். அழவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ராஜாங்கத்துக்கு ஞாபகம் வந்தது. சாக்கில் கறுத்துப்போன புதினாவும் ஞாபகம் வந்தது. அதைவிட நாற்றமாக ஏதோ இந்த அறையில் இருந்தது.

“சார், நேத்து நீங்க வடிச்சது புதினாவே இல்ல. முருங்கக்கீர. வூட்டுக்கு வச்சிருந்தது.”

நிர்மலாதேவி இயக்குநரைப் பார்த்தார். லூயிஸ் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று ராஜாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது புன்னகை.

“மிசியே, மெந்தால் இருந்தா அது புதினா. இது இந்த மையத்தோட வரையற. நேத்து இலையில தொண்ணூத்தி மூணு இருந்துச்சு. ஆகவே அது புதினா. நீங்க முருங்கன்னு நெனச்சு ஏமாந்திருக்கீங்க. யாரு குடுத்தா அத உங்களுக்கு?”

“யாரு குடுப்பா, பக்கத்துக் கட வீராயிதான். அவ கைக்கீரையப் பத்தி முத்தியால்பேட்டையில கேட்டுப் பாருங்க!”

“வீராயி” என்று லூயிஸ் தாளில் குறித்துக்கொண்டார். “சரி, கையெழுத்து.”

ராஜாங்கம் படிவத்தை இழுத்து, அச்சடித்திருந்த வரியை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘11ஆம் தேதி நான் கொடுத்தது புதினா. அந்தப் பெண் சொன்னது சரி. நேற்று வடித்தது முருங்கைக்கீரை. ராஜாங்கம்.’ தேதியும் போட்டார்.

இனி சான்றிதழைக் கிழிப்பார்கள் என்று எழுந்து நின்றார். நிர்மலாதேவி படிவத்தை வாங்கினார், அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ‘பெறப்பட்டது, சரிபார்க்கப்பட்டது’ என்று இரண்டு முத்திரை குத்தி, நகல் எடுக்க லினெட்டிடமே நீட்டினார். லூயிஸ் சான்றிதழை ராஜாங்கத்தின் கையில் கொடுத்துப் போட்டோவுக்குச் சிரித்தார்.

வாசலில் லினெட் ஒரு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நகல் ஒன்று அதிகமாக எடுத்திருந்தாள். “என் ஆய்வேட்டுல கடைசிப் பக்கமா இதச் சேத்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பப் போறேண்ணே. இவங்க முத்திரையோட.”

“ஒத்துக்குவாங்களா?”

“தெரியல. அங்கயாவது யாராவது படிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கதான்.”

ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் சான்றிதழைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். பாய் வழக்கம்போல ஆள் அனுப்பினார். ராஜாங்கம் கட்டைப் பிரித்ததும் அந்த வாசனை எழுந்து வந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக அவரால் மூச்சை நன்றாக இழுத்துவிட முடிந்தது. முருங்கைக்கீரைக்குக் கொடுத்த சான்றிதழால் தன் புதினா விற்கிறதே என்ற கசப்பு மட்டும் போகவில்லை. அந்தத் தங்க ஓரத்தை மாட்டிவைக்க அவருக்குப் பிடிக்கவில்லை. சாக்குக்கு அடியில் போட்டுவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்து பக்கத்துக் கடையில் நின்றார்.

“அண்ணே, எனக்கு யாரு லெட்டர் போடப் போறாங்க? இது என்னா படிச்சி சொல்லுண்ணே” என்று வீராயி நீட்டினாள்.

உறையைப் பிரித்ததும் தைல நெடி அடித்தது. ராஜாங்கம் படித்தார்: ‘தாங்கள் முருங்கைக்கீரை எனக் கூறி விற்ற இலையில் 93.8 விழுக்காடு மெந்தால் இருப்பது உறுதியாகியுள்ளது. புதினாவை முருங்கைக்கீரை என்ற பொய்ப் பெயரில் விற்றமைக்கான காரணத்தைத் தாங்கள் ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டியது.’ நகல் மூன்று பேருக்கு.

அவள் பெயரைத் தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. ராஜாங்கம் எழுந்துபோய்ச் சாக்கடை ஓரம் காறித் துப்பினார். வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“என்னாண்ணே, பெரிய தப்பா?” என்றாள் வீராயி. “நான் வித்தது முருங்கதான்னு எப்புடிண்ணே நிரூபிக்கிறது? ரெண்டு கொத்து எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டட்டுமா?”

“முருங்கய எடுத்துக்கிட்டுப் போனா எந்தக் காலத்துலயும் நம்ப மாட்டாங்கம்மா” என்றார் ராஜாங்கம். தன் குவியலிலிருந்து நல்லதாக இரண்டு கட்டு புதினாவைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, அவள் பைக்குள் அடியில் வைத்து, மேலே ஒரு கீரைக் கட்டைப் போட்டு மூடினார். “இத எடுத்துக்க. கேட்டுல கேட்டா கீரன்னு சொல்லு. உள்ள போய், உற மட்டும் ஊத்த வேணாம்னு சொல்லிடு. கார்வோன் வந்து நிக்கும், மெந்தால் ஒரு துளி இருக்காது. முருங்கக்கீரதான்னு கையோட எழுதிக் குடுத்துருவாங்க.”